2:59.05 ஓடிய அந்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை ராத்திரி. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. நான் மொட்டை மாடியில் செல்போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு புடாபெஸ்ட் உலகத் தடகள சாம்பியன்ஷிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம், ஹீட்ஸ், அதாவது இறுதிக்கு முந்தைய தகுதிச் சுற்று. இந்தியா ஓடிய ஹீட்டிலேயே அமெரிக்கா, பிரிட்டன், போட்ஸ்வானா மூன்றும் இருந்தன. ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் மூன்று அணிகள் நேராக இறுதிக்குப் போகும். மிச்சத்தில் வேகமான இரண்டு அணிகளுக்கு இடம். நான்காவதாக வந்து நேரக் கணக்கில் உள்ளே போனாலே பெரிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கடைசிச் சுற்றில் ராஜேஷ் ரமேஷ் அமெரிக்க வீரரை விடாமல் துரத்தி வந்த வீடியோ எல்லோர் போனுக்கும் வந்திருக்கும். அமெரிக்கா 2:58.47, நாம் 2:59.05. புதிய ஆசியச் சாதனை. அதற்கு முந்தைய வருஷம் யூஜீன் உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பான் வைத்திருந்த 2:59.51 போய்விட்டது.

ஆனால் நான் பேச வந்தது இரண்டாவது லெக், அதாவது இரண்டாவது ஆள் ஓடும் சுற்று பற்றி. அமோஜ் ஜேக்கப் பற்றி. முதலில் ஓடிய முகமது அனஸ் பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, கொடுக்கும்போது நாம் ஆறாவது இடம். அமோஜ் அதை வாங்கி, மூன்றாவது ஓட்டக்காரர் முகமது அஜ்மல் கையில் கொடுக்கும்போது இரண்டாவது இடம். ஒரே சுற்றில் நான்கு பேரைத் தாண்டியிருக்கிறார். அஜ்மலும் ராஜேஷும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

கல்லூரியில் மூன்று வருஷமும் நான் ஓடியது இரண்டாவது லெக்தான். அந்த லெக் எப்படி இருக்கும் என்று ஓடினவனுக்குத் தெரியும். முதல் ஆள் சுற்று முழுக்கத் தன் லேனிலேயே ஓடுவான். இரண்டாவது ஆள் முதல் வளைவை மட்டும் தன் லேனில் ஓடிவிட்டு, கோட்டைத் தாண்டியதும் உள்ளே வரலாம். எட்டுப் பேருக்கும் வேண்டியது அந்த உள்பக்கம்தான். முழங்கை இடிக்கும், முன்னால் ஓடுகிறவன் ஸ்பைக்ஸ் நம் முட்டிக்குக் கீழே வந்து போகும். வெளியிலேயே ஓடினால் தூரம் கூடும், அவசரப்பட்டு உள்ளே நுழைந்தால் ஆட்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வோம். யோசிக்க அரை வினாடி கூட இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, டிவியில் பார்க்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஓடி வருகிறவர்கள் 200 மீட்டரைக் கடக்கும்போது எந்த வரிசையில் இருக்கிறார்களோ, அதே வரிசையில்தான் அடுத்த ஓட்டக்காரர்களை நடுவர்கள் உள்ளிருந்து வெளியே நிறுத்துவார்கள். அப்புறம் இடம் மாற முடியாது. நம் ஆள் பின்தங்கினால், வாங்க நிற்கிறவனும் வெளியே தள்ளப்பட்டுப் போவான். அவன் ஓடாத ஓட்டத்துக்கு அவனுக்குத் தண்டனை.

என் கடைசி வருஷம், பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். கடைசி முப்பது மீட்டரில் கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது ஓட்டக்காரன் என் நெருங்கிய நண்பன், திரும்பிப் பார்த்துக்கொண்டே இடது கையை நீட்டியபடி நகர ஆரம்பித்தான். நான் உள்ளங்கையில் வைக்க வேண்டியதை அவன் மணிக்கட்டில் இடித்துவிட்டேன். பேட்டன் கீழே விழுந்தது. மண் டிராக், அதனால் பெரிய சத்தமெல்லாம் இல்லை. ‘பொத்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விழுந்ததைத் தவறவிட்டவன்தான் எடுக்க வேண்டும். நான் குனிந்து எடுத்தபோது வியர்வையில் ஈரமாகி, சூடாக, ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் ஒட்டியிருந்தது. அப்படியே கொடுத்தேன். அவன் கடைசி இடத்திலிருந்து ஓடினான்.

அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. பதினான்கு வருஷம். அன்றைக்கு ராத்திரி ஹீட் முடிந்த இரண்டாவது நிமிஷம் போன் வந்தது. “பாத்தியாடா?” என்றான். “பாத்தேன்” என்றேன். அப்புறம் அவனே சொன்னான்: “நான் ரெண்டு அடி முன்னாடியே கிளம்பிட்டேன்டா அன்னிக்கு.” அதுவரைக்கும் முழுத் தப்பும் என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எங்கே இருந்து பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

*

நான் உடற்கல்வி ஆசிரியை. உங்கள் நண்பர் இரண்டு அடி முன்னாடி கிளம்பியது உண்மை என்றால், பேட்டன் விழுந்ததற்கு அதுவே போதும். 4×100-இல் வாங்குகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பழக்கத்தை நம்பிக் கையைப் பின்னால் நீட்டுவார். 4×400-இல் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் ஓடி வருகிறவர் எவ்வளவு செத்துப்போய் வருகிறார் என்பது பார்த்தால்தான் தெரியும். கொடுப்பது அவர் வேலையில்லை, போய் எடுத்துக்கொள்வது உங்கள் வேலை என்றுதான் என் பிள்ளைகளிடம் சொல்வேன்.

எங்கள் பள்ளியில் பேட்டன் கிடையாது. பிவிசி பைப்பை 30 சென்டிமீட்டருக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். நிஜ பேட்டனும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான், 28-லிருந்து 30 சென்டிமீட்டர். எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் அந்த ஹீட்டைப் பிள்ளைகளுக்குப் போனில் காட்டினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேரத்தை நான்கால் வகுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஆளுக்குச் சராசரியாக 44.76 வினாடி. “மிஸ், அனஸ் அண்ணாவோட தேசியச் சாதனையே 45.21 தானே? அப்புறம் எப்படி நாலு பேரும் அதைவிட வேகமா ஓடினாங்க?” என்று கேட்டாள். கேள்வி கேட்டதே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விடையை வாயால் சொல்லாமல் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளையே முதலில் நின்ற இடத்திலிருந்து 50 மீட்டர் ஓடச் சொன்னேன். அப்புறம் பத்து மீட்டர் பின்னாலிருந்து ஓடி வந்து அதே 50 மீட்டர். ஸ்டாப்வாட்ச்சை அவள் கையிலேயே கொடுத்தேன். முக்கால் வினாடிக்கு மேல் வித்தியாசம். முதல் ஆள் மட்டும்தான் பிளாக்கிலிருந்து கிளம்புகிறார், மற்ற மூன்று பேரும் நகர்ந்துகொண்டே வாங்குகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “அது மட்டும் இல்ல மிஸ், பக்கத்துல அமெரிக்கா ஓடுனா யாரும் வேகமாத்தான் ஓடுவாங்க” என்றாள். அதுவும் சரிதான்.

*

நான் இறுதியைப் பற்றி எழுதுகிறேன், அதை யாரும் பேசுவதில்லை. மறுநாள் ராத்திரி நீரஜ் சோப்ரா ஈட்டியை 88.17 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். எங்கள் அறையில் எட்டுப் பேர் பார்த்தோம். தங்கம் உறுதியானதும் கத்திவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விட்டார்கள். ரிலே இறுதி நம் நேரத்துக்கு ஒரு மணிக்கு மேல். நானும் இன்னொருவரும் மட்டும் இருந்தோம்.

அமெரிக்கா 2:57.31, பிரான்ஸ், பிரிட்டன், ஜமைக்கா, ஐந்தாவதாக இந்தியா, 2:59.92. பதக்கம் இல்லை என்பதால் காலையில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. முந்தின நாள் உயிரைக் கொடுத்து ஓடிய அதே நான்கு பேர், ஒரு நாள் இடைவெளியில் மறுபடியும் மூன்று நிமிஷத்துக்குள் ஓடியிருக்கிறார்கள். அதுவரைக்கும் எந்த இந்திய அணியும் ஒரு தடவை கூட அதைச் செய்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:00.25 ஓடி, அதுவும் அப்போது ஆசியச் சாதனை, ஒரே ஒரு இடத்தில் இறுதியைத் தவறவிட்டோம். அன்றைக்கு மூன்றாவது லெக் ஓடியவர் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். நான் திருச்சிக்காரன், அதனால் அவர் பெயர் வந்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே மாதம், பஹாமாஸில் உலக ரிலே போட்டி. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடிக்க வேண்டிய ஓட்டம். விடியற்காலை எழுந்து பார்த்தேன். இரண்டாவது லெக்கில் ராஜேஷுக்குத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். கேமரா மற்றவர்கள் பின்னாலேயே போய்விட்டது. அவரிடம் வாங்க வேண்டியவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன், காட்டவே இல்லை.

மறுநாள் மறுபடி அலாரம் வைத்தேன். ராஜேஷ் இல்லை. அனஸ், அஜ்மல், மூன்றாவதாக ஆரோக்கிய ராஜீவ், கடைசியில் அமோஜ். 3:03.23, அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவது. பாரிஸ் உறுதி. முப்பதைத் தாண்டிய மனுஷன் ஓடி முடித்து அமோஜ் கையில் பேட்டனை வைத்த அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் அம்மாவை எழுப்பி, நம்ம ஊர்ப் பையன் ஓடினான் என்று காட்டினேன். “இதுல யாருப்பா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.