மாநில, மத்திய ஆணைகளை மூலத்திலேயே படிப்பவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். கோபியில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். அரசு விதிமாற்றங்களை மாதந்தோறும் தொகுத்துச் சொல்லும் வேலையை, நான் போகாத ஒரு கூட்டத்தில் எங்கள் வட்டார மருத்துவர் சங்கத்தினர் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வாரம் சத்தியமங்கலத்திலிருந்து மூத்த மருத்துவர் ஒருவர் அழைத்தார். “மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரைத்தான் (ஜெனரிக்) எழுத வேண்டுமாமே, தம்பி?” தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விதி அது. அதே மாதமே நிறுத்திவைத்துவிட்டார்கள். வெளியிட்ட செய்தி மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது.

கிளினிக்கை அரசிடம் பதிவு செய்வதில் குழப்பம் இன்னும் அதிகம். மத்திய அரசின் சட்டம் 2010இல் வந்தது. நமக்குப் பொருந்துவதோ தமிழ்நாட்டின் 1997 சட்டமும் 2018 விதிகளும். இரண்டையும் கலந்து யாரோ தயாரித்த படிவத்தை நிரப்பி, நானே ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். (கம்பவுண்டர் இன்னும் சிரிக்கிறார்.)

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் அரசாணைகளையும் அரசிதழையும் நேரடியாகப் படிப்பவர் யாரேனும் இருக்கிறீர்களா? மாதம் ஒரு மணி நேரம் போதும். எது அமலில் இருக்கிறது, எது வரைவு, எது நிறுத்திவைப்பு என்று பிரித்துக் காட்டினால் மீதியை நான் எழுதிக்கொள்வேன்.

அவசரமாக ஒன்று: 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான 2024 மத்திய மருத்துவக் காப்பீட்டு (ஆயுஷ்மான் பாரத்) விரிவாக்கம் குறித்த ஆணை நகல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். ஞாயிறு கூட்டத்தில் முதல் கேள்வியே அதுதான்.