சின்சில்லாவுக்குக் கிளிக்கூண்டு போதுமா?

ஸ்காபரோ_அம்மா

வணக்கம். மகளோடு படிக்கிற பிள்ளை வன்கூவருக்கு வீடு மாறிப் போகிறாள். அவளுடைய சின்சில்லாவை (எலி இனத்தில் அடர்ந்த முடி உள்ள ஒரு செல்லப் பிராணி) இனி நாங்கள் வளர்ப்போம் என்று என் மகள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். மூன்று வயது ஆண். அதோடு வருவது முயல் அடைக்கிற தாழ்வான கூண்டு. அடி பிளாஸ்டிக், மேலே கம்பி. ஒரு மூலையை ஏற்கனவே தின்று முடித்திருக்கிறது.

இப்போது கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று, யாரோ விற்கிற பழைய கிளிக்கூண்டு, 60 டொலர். ஆள் உயரம் இருக்கிறது, ஆனால் ஒடுக்கம். மற்றது கிரிட்டர் நேஷன் என்ற புதிய கூண்டு, இரண்டு அடுக்கு உள்ளது. விலையைக் கேட்டுவிட்டு இவர், "என் கட்டிலுக்கே அவ்வளவு விலை இல்லையே" என்கிறார்.

நாங்கள் இருப்பது 9ஆம் மாடி, ஏசி இல்லை. பால்கனியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டாவா_எலிவீடு

அக்கா, முதலில் பால்கனியை மறந்துவிடுங்கள். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு மயிர்க்காலில் ஐம்பதுக்கு மேல் முடி முளைக்கிற பிராணி அது. அந்திஸ் மலைக் குளிருக்கென்று பிறந்தது, வியர்த்துத் தணியத் தெரியாது. 25 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து, புழுக்கமும் சேர்ந்தால் அதற்கு முன்பே. 1923இல் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து கீழே இறக்கவே ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்துக்கொண்டாராம். நீங்கள் ஜூலை மாத வெயிலில் 9ஆம் மாடியில் வைக்கப் பார்க்கிறீர்கள்!

அடுத்து கிளிக்கூண்டு. உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இது கிளி போலப் பறக்காது. ஒரு பலகையிலிருந்து பக்கத்துப் பலகைக்குத் தாவும். ஒடுக்கமான கூண்டில் தாவ இடமில்லை, தவறினால் நேரே அடிவரை விழும். பழைய கூண்டென்றால் பெயின்ட் உதிரும், அதையும் கடிக்கும். சாகும்வரை பல் வளர்கிற பிராணிக்குக் கடிக்காதே என்று சொல்ல முடியுமா?

நானும் முதலில் விலையைப் பார்த்துத்தான் வாங்கினேன். உள்ளே மாடிப்படியும் தட்டும் எல்லாம் கம்பி வலை. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னங்கால் வலைக் கண்ணில் மாட்டி, உடல் தலைகீழாகத் தொங்குகிறது. எலும்பு முறிந்துபோய் காலையே எடுக்க வேண்டி வந்தது. அந்தச் செலவில் நல்ல கூண்டு இரண்டு வாங்கியிருக்கலாம். அவளுக்கு இப்போது 11 வயது. மூன்று காலோடு என்னைவிட வேகமாக ஓடுகிறாள், அது வேறு கதை.

கிரிட்டர் நேஷன் 3 அடி அகலம், 2 அடி ஆழம், கம்பி இடைவெளி அரை அங்குலம். முன்பக்கம் முழுவதும் கதவாகத் திறப்பதால் கூட்டித் துடைக்க முதுகு வலிக்காது. தட்டுகள் மட்டும் பிளாஸ்டிக். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், அதனால் நான் ஸ்டீல் தட்டு போட்டுக்கொண்டேன். இடையில் பைன் பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்துங்கள், எங்கிருந்து விழுந்தாலும் இரண்டடிக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து ஏற்றிய மரமும் செடார் மரமும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது: ஜன்னல் ஏசி. கூண்டுக்குப் பணம் கட்டும் முன், வைக்கப் போகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

தூசிக்குளியல்

மேலே சொன்னதெல்லாம் சரி. கூண்டுக்குள் அது ஏறி ஓடுகிற சக்கரத்தை விட்டுவிட்டார். ஹாம்ஸ்டருக்கான சின்னச் சக்கரம் வாங்கினால் முதுகு வளைந்து போகும். 15 அங்குலம், இடைவெளி இல்லாத உலோகம். அப்புறம், மகளின் அறையில் வைக்காதீர்கள். இரவு முழுவதும் ஓடும், பரீட்சை நேரத்தில் இருவரில் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டி வரும்.

ஸ்காபரோ_அம்மா

இருவருக்கும் நன்றி. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். வரவேற்பறையில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், வெளியே பனி கொட்டும்போதே 27! வெயில் காலத்தைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளின் அறை 24. வீட்டிலேயே குளிர்ந்த இடம் வடக்குப் பக்கச் சின்ன அறை, 19.

கிளிக்கூண்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதியதை இரண்டு அடுக்காக இல்லாமல் ஒரு அடுக்கு மட்டும் இப்போது வாங்கிவிட்டு, மற்ற அடுக்கைப் பிறகு மேலே பூட்டலாமா?

ஒட்டாவா_எலிவீடு

பூட்டலாம் அக்கா, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒற்றை ஆளுக்கு இப்போதைக்குப் போதும், மாலையில் கதவடைத்த அறையில் கொஞ்ச நேரம் ஓடவும் விடுங்கள். மிச்சக் காசை ஏசிக்கு வையுங்கள். மே மாதமே வாங்கிவிடுங்கள், வெயில் வந்தபின் கடையில் கிடைக்காது.

ஸ்காபரோ_அம்மா

சரி. இனி ஒரு சிக்கல்தான். அந்த வடக்கு அறை இவருடைய கணினி அறை. மேசையை நகர்த்தச் சொல்லி மூன்று நாள் ஆகிறது.