கான்டூர் மாடல் வளைந்துவிட்டது, வியாழக்கிழமை ஜூரி (டிசைன் மதிப்பீடு)

வணக்கம். சென்னையில் பி.ஆர்க். (கட்டடக்கலை) மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் செமஸ்டர். டிசைன் தளம் குன்னூரில் ஒரு சரிவு. அதன் கான்டூர் மாடல்தான் (நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அட்டை அடுக்குகளால் காட்டும் மாதிரி) இப்போது தோசைக்கல் மாதிரி குழிந்து கிடக்கிறது.

அளவு 1:500. ஒரு மீட்டர் உயர இடைவெளிக்கு ஒரு அடுக்கு, 2 மி.மீ. மவுண்ட் போர்டு (தடித்த அட்டை), மொத்தம் 22 அடுக்கு. அடியில் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்) பலகை, அதுவும் சேர்ந்தே வளைந்துவிட்டது. வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒட்டினேன். வெளியே விடாத மழை, விடுதி அறைச் சுவரே ஈரம். காலையில் பார்த்தால் இரண்டு மூலைகள் ஏறக்குறைய ஒரு செ.மீ. தூக்கியிருந்தன. கட்டட மாடலை மேலே வைத்தால் கீழே விரல் நுழைகிறது.

பக்கத்து அறை அண்ணனின் டம்பெல்லை ஒரு நாள் முழுக்க மேலே வைத்தேன். கொஞ்சம் இறங்கியது, எடுத்ததும் பழையபடி எழும்பிவிட்டது. ஹேர் டிரையர் காட்டினேன், இன்னும் மோசம். அப்புறம் ஒரு மூலையை உடனடிப் பசையால் மேசையோடு ஒட்டிப் பார்த்தேன் (இதைச் செய்திருக்கவே கூடாது), எம்.டி.எஃப்.பின் அடிப்பக்கம் உரிந்துவிட்டது. அடுக்குகளைப் பிரிக்கவும் முடியவில்லை, அட்டை கிழிகிறது.

சீனியர் ஒருவர் ஸ்ப்ரே பசையில் புதிதாகச் செய்யச் சொல்கிறார். வெட்டவே மூன்று ராத்திரி ஆனது, சுட்டுவிரலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

அடியில் கனமான பிளைவுட் வைத்துத் திருகாணி போட்டு இழுத்தால் இது நிமிருமா, இல்லை புதிதாகத்தான் வெட்ட வேண்டுமா?