மோவா பறவை அழிந்துபோய் 600 வருடம் ஆயிற்று, இந்தப் புதர்கள் இன்னும் யாருக்குப் பயப்படுகின்றன?

கேள்வி:
நியூசிலாந்துப் புதர்களின் படங்கள் பார்த்தேன். கம்பியைக் கசக்கிப் போட்டது மாதிரி குச்சிகள் பின்னிக் கிடக்கின்றன, இலைகள் நகக்கண் அளவுதான், அவையும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத 50க்கும் மேற்பட்ட இனங்கள் இதே கோலத்தில் இருக்கின்றனவாம். மனிதர்கள் வரும்வரை அங்கே ஆடும் இல்லை, மானும் இல்லை. பிறகு யாரிடம் தப்பிக்க?

பதில் 1:
மோவாவிடம்தான், அங்கே வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத பெரிய பறவை அது. அதற்குப் பல் கிடையாது, அலகால் பிடித்து இழுத்துத்தான் தின்ன வேண்டும். குச்சி மெல்லியதாக, ஒடியாமல் வளைந்து கொடுத்தால் இழுத்தவுடன் கூடவே வரும், விட்டதும் துள்ளித் திரும்பிவிடும். ஒடித்தாலும் வாய்க்கு வருவது நாலு துணுக்கு இலை. 1977-ல் கிரீன்வுட், அட்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சொன்னார்கள். 2004-ல் வெளிவந்த ஆய்வில் ஈமுவுக்கும் தீக்கோழிக்கும் இந்தச் செடிகளையே தின்னக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்குத் தேவையானதைத் தின்று முடிக்கும் வேகம் அவற்றுக்கு வரவில்லை.

பதில் 2:
எனக்கு முழுசாக ஒப்பவில்லை. மோவாவின் இரைப்பை மிச்சங்களில் இதே புதர்களின் குச்சிகள், அதுவும் நறுக்கிய மாதிரி, கிடைத்திருக்கின்றனவே! உறைபனியும் குளிர்காற்றும் உள்ளிருக்கும் இலையைத் தாக்காமல் வெளிக்குச்சிகள் வேலி மாதிரி நிற்கின்றன என்ற விளக்கமும் உண்டு.

பதில் 3:
தின்றது என்பதால் தற்காப்பு தோற்றது என்று ஆகாது, ஒரு செடியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலே செடிக்கு லாபம். குளிர் வாதத்தையும் நான் தள்ளவில்லை, ஆனால் லான்ஸ்வுட் என்ற நியூசிலாந்து மரத்தைப் பாருங்கள். இளஞ்செடியில் இலைகள் ஈட்டி போலக் குறுகி, விறைத்து, விளிம்பில் பல்லோடு கீழ்நோக்கித் தொங்கும். கிட்டத்தட்ட 3 மீட்டர் தாண்டியதும் சாதாரண இலை விட ஆரம்பித்துவிடும், அதாவது மோவாவின் தலை எட்டும் உயரம் வரைக்கும்தான் அந்த வேஷம். நியூசிலாந்துக்குக் கிழக்கே, மோவாவே இல்லாத சாத்தம் தீவுகளில் வளரும் அதன் நெருங்கிய உறவுக்காரச் செடி சின்னதிலேயே அகல இலையோடு வருகிறது. அங்கே காற்றுக்கா பஞ்சம்?

கேள்வி கேட்டவர்:
ஓ, அப்போ படத்தில் அடியில் குச்சிப் புதரும் அதன் நடுவிலிருந்து பெரிய இலையோடு வேறொரு மரமும் நின்ற மாதிரி தெரிந்ததே, அது?

பதில் 3:
கைக்கோமாக்கோ என்ற நியூசிலாந்து மரமாக இருக்கலாம். இரண்டும் ஒரே மரம். மேலே வளர்ந்த பிறகும் அடியில் இளவயதுக் குச்சிகள் அப்படியே தங்கிவிடும்.