ஆற்றோடு இறங்கி முகத்துவாரம் வரை ஒரு நாள் போட் பயணம்: எப்போது கிளம்புவது?

புதுத்துடுப்பு:

வணக்கம். போன வருஷம் பழைய ஃபைபர் போட் ஒன்று வாங்கினேன். 5.5 மீட்டர் நீளம், பின்னால் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின், 50 லிட்டர் டேங்க். இதுவரை படகுத்துறையிலிருந்து மேலே ஏழெட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பியதோடு சரி. இப்போது ஆற்றோடு இறங்கி முகத்துவாரம் வரை போய், கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப ஆசை. ஒரு வழி 35 கிலோமீட்டர். நான், மனைவி, பத்து வயது மகள், மைத்துனர், ஆக நாலு பேர்.

விடியக்காலையில் கிளம்பினால் போதும், மீதி தானாக நடக்கும் என்கிறார் மைத்துனர். துறையில் இருக்கும் பெரியவர் ஒருவரோ, "ஓதம் பார்த்துப் போ" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பாய்மரப் படகு என்றால் சரி, மோட்டார் போட்டுக்கு ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கணக்கு, எதற்கு? டேங்க் போதுமா? முகத்துவாரத்துக்கு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா?

சேற்றில்_நின்றவன்:

தம்பி, என் பெயரைப் பார்த்தாலே தெரியும், உங்கள் மைத்துனர் சொன்னபடியே கிளம்பியவன் நான்.

முதல் தடவை காலை 6 மணிக்கு உற்சாகமாக அவிழ்த்துவிட்டோம். ஆறும் நம்மோடு ஓடியது, போட் வெண்ணெயில் போவது போலப் போனது. நம் கை ஓட்டத்தான் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் அது வற்றம், ஓதம் இறங்கும் நேரம். கடல் தன் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது, நான் அதில் ஒரு சருகு.

கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஆறு விரிந்து ஏரி போல ஆகிவிடும். அகலத்தைப் பார்த்து ஆழமும் அப்படித்தான் என்று நினைப்பதுதான் புதியவன் செய்யும் தப்பு. வளைவு ஒன்றில் தூரத்தைக் குறைக்க உள்பக்கமாக வெட்டினேன். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக ஓடி அறுத்து ஆழமாக்கும், உள்பக்கத்தில் மண்ணைப் போடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கையில் சுக்கான் இருக்கும்போது ஞாபகம் வரவில்லை. மெதுவாக, சத்தமே இல்லாமல் நின்றது. பாறையில் மோதினால் தெரியும், சேற்றில் ஏறினால் என்ஜின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் தெரியும். பின்வாங்க ரிவர்ஸ் போட்டேன். ப்ரொப்பெல்லர் சேற்றைக் கலக்கியது, குளிர்ச்சிக்கு இழுக்கும் தண்ணீரோடு சேறும் உள்ளே போயிற்று. அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம்.

அப்போது மணி 10.15. வற்றம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது தரைதட்டினால் கணக்கு எளிது: அடிமட்டத்துக்குப் போக எவ்வளவு நேரமோ, ஏறக்குறைய அதே நேரம் திரும்ப ஏறவும் வேண்டும். பத்து நிமிஷத்தில் போட்டைச் சுற்றித் தண்ணீர் இல்லை. அரை மணியில் நண்டுகள் எங்களை வேடிக்கை பார்த்தன. என் மனைவி பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுபடி மிதந்தபோது மணி இரண்டு.

ஏறும் நீரில் தரைதட்டினால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், நீரே தூக்கிவிடும். அதனால்தான் தெரியாத ஆழத்தை ஏற்றத்தில்தான் ஆராய வேண்டும். இன்னொன்று: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது. அன்றைக்கு உச்ச நீரில் போய் எதிலாவது ஏறிவிட்டால், அடுத்த நாட்களின் நீர் அந்த உயரத்துக்கு வராது. இரண்டு வாரம் அங்கேயே குடித்தனம்தான். முதல் பயணத்துக்கு அரைநிலவை ஒட்டிய நாள் பாருங்கள், ஏற்ற இறக்கம் குறைவு, ஓட்டமும் சாந்தம்.

இப்போது உங்கள் கேள்வி. மோட்டாருக்கு ஓதம் எதற்கு? மெதுவாக மணிக்கு 10 கிலோமீட்டர் போகிறீர்கள், ஓட்டம் 3 என்று வையுங்கள். கூடவே போனால் 13, 35 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிஷம். எதிர்த்தால் 7, முழுசாக 5 மணி நேரம். போகும்போது வற்றம், வரும்போது ஏற்றம் என்று அமைந்தால் மொத்தம் 5 மணி 20 நிமிஷம். திரும்பும்போது ஓட்டம் எதிரில் இருந்தால் 7 மணி 40 நிமிஷம், அதிலும் கடைசி மணி இருட்டில்.

ஒரு உச்ச நீருக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிஷம் என்பதால் நேரம் தினமும் தள்ளிக்கொண்டே போகும். போன வாரம் யாரோ போன நேரம் உங்களுக்கு உதவாது. ஓத அட்டவணை பெரும்பாலும் முகத்துவாரத்துக்கோ துறைமுகத்துக்கோ போட்டிருக்கும். மேலே உங்கள் துறையில் உச்ச நீர் அதற்குப் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்தும் என்பது ஆற்றுக்கு ஆறு வேறு. நான்கு நாள் துறையில் நின்று கம்பத்தில் கோடு போட்டுப் பாருங்கள், இல்லை அந்தப் பெரியவரை வலை பின்னாத நேரத்தில் பிடியுங்கள். மேலே மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். கரையில் நீர் மட்டம் ஏறத் தொடங்கிய பிறகும் நடு ஆற்றில் மேல்நீர் கடல் பக்கமே ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் கிளம்பும் நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். எந்த நேரத்துக்கு முகத்துவாரத்தில் ஏற்றம் பிடிக்கும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அது விடியக்காலையாக வந்தால் வரட்டும், பத்து மணியாக வந்தால் மைத்துனர் தூங்கட்டும்.

ஸ்பானர்_கை:

எரிபொருளுக்கு மூன்றில் ஒன்று விதி: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. 50 லிட்டரில் செலவழிக்கலாம் என்பது 33 தான். 60 குதிரைத்திறன் என்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்கு 20 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். அமைதியாகப் போனால் என்னுடையது ஏறத்தாழ 5. மேலே அண்ணன் போட்ட நேரக் கணக்கில் வைத்தால் ஓதத்தோடு போய்வர 27 லிட்டர், எதிர்த்துத் திரும்பினால் 38. இரண்டாவது கணக்கு விதியை உடைத்துவிட்டது பாருங்கள். தனி கேன் ஒன்றில் 20 லிட்டர் வையுங்கள், கேனைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

இரண்டும் கெட்டான் வேகம் வேண்டாம். மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் பெரிய அலை இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில்தான் பெட்ரோல் அதிகம் வீணாகும். ஒன்று மெதுவாகப் போங்கள், இல்லை முழுதாக எழும்பி நீரின் மேல் வழுக்கிக்கொண்டு போங்கள். எழும்பிப் போவது ஆழம் தெரிந்த, வேக வரம்பு இல்லாத இடத்தில் மட்டும். கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது உங்கள் அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

என்ஜின் பின்னால் சிறு தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும். அரை மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். தாரை மெலிந்தால் பாசியோ பிளாஸ்டிக் பையோ உறிஞ்சும் வாயை அடைத்திருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு அவரின் காலிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும், கொக்கியில் தொங்கக்கூடாது.

புதுத்துடுப்பு:

இருவருக்கும் நன்றி. நண்டுகளைப் பற்றி மகளிடம் சொன்னேன், அவளுக்கு இப்போது சேற்றில் மாட்டத்தான் ஆசை.

முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு சுற்று, அதற்குப் பதில் வரவில்லையே. வானிலை நன்றாக இருந்தால்கூட வேண்டாமா? வழி காட்டும் மிதவைகளின் நிறமும் குழப்புகிறது. சிவப்பு எந்தப் பக்கம்?

சேற்றில்_நின்றவன்:

வேண்டாம். வானிலை என்பது அங்கே பாதிதான்.

முகத்துவாரத்தின் குறுக்கே மணல்திட்டு ஒன்று கிடக்கும். ஆறு கொண்டுவந்த மண்ணும் கடல் தள்ளிய மண்ணும் சேர்ந்தது. வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே பாய, எதிரே கடல் அலை உள்ளே வர, ஆழமில்லாத அந்தத் திட்டின் மேல் இரண்டும் முட்டும். அலைகள் நெருங்கி, செங்குத்தாகி உடையும். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்துப் புயல் எழுப்பிய நீண்ட அலை வந்து அங்கே உடைவதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து பார்க்கும்போது அலையின் முதுகுதான் தெரியும், சாந்தமாகத் தெரியும். திரும்பி வரும்போதுதான் முகம் தெரியும். 5.5 மீட்டர் போட்டைப் பின்னாலிருந்து ஒரு அலை தூக்கினால் மூக்கு கீழே குத்தி, பக்கவாட்டில் திரும்பி, கவிழ்ந்துவிடும். அங்கே தினமும் போய்வருபவர் ஒருவர் உங்கள் போட்டில் உட்கார்ந்தாலொழிய போகாதீர்கள். திட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே கரையில் ஒதுங்கி, நடந்து போய்க் கடலைப் பாருங்கள். அதே கடல்தான்.

பிற்பகலில் கடற்காற்று எழும். ஏற்றத்தோடு திரும்பினால் காற்றும் ஓட்டமும் ஒரே திசை, முதுகில் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். தாமதித்து வற்றம் தொடங்கிய பிறகு வந்தால் இரண்டும் மோதி, அகலமான இடத்தில் தண்ணீர் எகிறும்.

மிதவை: கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம் என்பது உலகின் பெரும்பகுதியில். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் சிவப்பு வலப்பக்கம். நீங்கள் கடலை நோக்கிப் போவதால் இரண்டுமே தலைகீழ். காகிதத்தில் வரைந்து சுக்கான் பக்கத்தில் ஒட்டுங்கள். குறுகிய வாய்க்காலில் வலது ஓரமாகப் போங்கள், பெரிய கப்பலுக்கு வழிவிடுங்கள். கப்பலால் அங்கே திரும்ப முடியாது, உங்களால் முடியும். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கப்பல் ஓட்டுபவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் வையுங்கள்.

மகளுக்கு அவள் எடைக்கு ஏற்ற, கால்களுக்கிடையே பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட். ஏறும்போதே மாட்டி, இறங்கிய பிறகு கழற்றுங்கள்.

புதுத்துடுப்பு (மூன்று வாரம் கழித்து):

போய் வந்தோம். கிளம்பியது காலை 9.20க்கு, மைத்துனர் 9 மணி வரை தூங்கினார். திட்டுக்கு முன்னால் ஒதுங்கி, மணலில் நடந்து கடலைப் பார்த்தோம். மொத்தம் 29 லிட்டர்.

திரும்பும்போது மகள் கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் அதன் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்ப நின்னுருச்சு அப்பா" என்று சொன்னபோது என் கைபேசியில் இருந்த அட்டவணை இன்னும் 20 நிமிஷம் பாக்கி என்றது. குச்சியை நம்பிக் கயிற்றை அவிழ்த்தேன்.

ஒரு சந்தேகம். உப்புநீரில் ஓடிய என்ஜினை நல்ல தண்ணீர் விட்டு எத்தனை நிமிஷம் கழுவ வேண்டும்?

ஸ்பானர்_கை:

பத்து நிமிஷம். இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு இல்லை.