களியோடையில ரெண்டு தூண்டில், ஒரு காலை நேரம்: சாமான் போதுமா?

புதுத்தூண்டில்

வாற சனிக்கிழமை நானும் கூட்டாளியும் அம்பாறைப் பக்கம் களியோடை ஆத்துல, பாலத்துக்கு மேல் பக்கமாத் தூண்டில் போடலாம் எண்டு இருக்கம். விக்கிறதுக்கு இல்ல, ஒரு பம்பலுக்கு. கையில இருக்கிறது 10 அடி மூங்கில் கம்பு ரெண்டு, 0.40 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்) ஒரு சுருள், கடையில தந்த பெரிய முள் பத்து. ரீல் இல்ல. திலாப்பியாவும் கெளிறும் கிடைச்சாக் காணும்.

இந்தச் சாமான் போதுமா? இரை என்ன? மிதப்பை எவ்வளவு ஆழத்துக்கு வைக்கிற? மிதப்பு ஆடுது, இழுத்தா வெறும் முள்ளுதான் வருது, அது ஏன்?

கூட்டாளி பாடுமீனும் (மட்டக்களப்பு வாவிக்குள்ள இரவுல பாடுது எண்டு சொல்ற மீன்) பிடிப்பம் எண்டு நிக்கிறான். அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

வாவிக்கரை

கம்பு நல்லம். தங்கூசியும் முள்ளும் சரியில்ல. 0.40 தங்கூசி விறைப்பு, இரை தண்ணிக்குள்ள கம்பி கட்டின மாதிரி நிக்கும். திலாப்பியாவுக்கு 0.20 இல்லாட்டி 0.25 வாங்குங்க. முள் 8ஆம் நம்பர், பாண் இரைக்கு 10. நம்பர் கூடக் கூட முள் சின்னன், கடையில அதை மாறி விளங்கிப் போடாதீங்க. பெரிய முள்ளுக்குப் பெரிய மீன் வரும் எண்டு ஒரு கதை இருக்கு. திலாப்பியாட வாய் சின்னன், பெரிய முள்ளைச் சுத்தி இருக்கிற இரையைக் கொறிச்சுப் போட்டுப் போயிரும். உங்கட வெறும் முள்ளுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தங்கூசியைக் கம்பு நுனியில மட்டும் கட்டாதீங்க. கம்பு நடுவுல ஒரு கட்டு, அங்க இருந்து நுனி வரைக்கும் சுத்திக்கொண்டு போய் நுனியில இன்னொரு கட்டு. நுனி முறிஞ்சாலும் மீன் உங்கட கையில. தொங்குற நீளம் கம்பை விட ஒரு சாண் குறைவா இருக்கட்டும். நீளம் கூடினா மீன் கைக்கு வராது, கூட்டாளிட காதுக்குத்தான் போகும்.

முள் கட்டுறது: தங்கூசியை முள்ளுட கண்ணுக்குள்ளால விட்டு, நுனியால நீளத் தங்கூசியை 5 தரம் சுத்தி, அந்த நுனியைக் கண்ணுக்குப் பக்கத்து வளையத்துக்குள்ள விட்டு, பிறகு பெரிய வளையத்துக்குள்ளயும் விட்டு, எச்சில் பூசி மெதுவா இறுக்குங்க. காய்ஞ்ச தங்கூசியை இறுக்கினா உரசிச் சூடாகி, முடிச்சடியிலயே அறும்.

மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு ஒரு சாண் எடுங்க, இல்லாட்டிப் பழைய ரப்பர் செருப்புல ஒரு சின்னத் துண்டு வெட்டுங்க. ஈயக்குண்டு முள்ளுக்கு மேல 15 சென்ரிமீற்றர்ல. இறகு மிதப்பெண்டா நுனி ஒரு விரல் அளவு மட்டும் தண்ணிக்கு மேல தெரியிற வரைக்கும் ஈயத்தைக் கூட்டுங்க. மிதப்பு நிறைய வெளிய நிண்டா, அதை அமத்த மீனுக்குப் பாரம் கூட, சந்தேகம் வந்து துப்பிரும்.

ஆழம் பார்க்க, முள்ளுல ஒரு பெரிய ஈயத்தைக் கொழுவி இறக்குங்க. மிதப்பு முழுசா அமிழ்ந்தா அதை மேல தள்ளுங்க. சரிஞ்சு படுத்தா ஆழம் கூடிப்போச்சு, கீழ இறக்குங்க. நுனி மட்டும் தெரியிற இடம்தான் அடி. அதுல இருந்து நாலு விரல் குறைச்சாத் திலாப்பியாவுக்குச் சரி. கெளிறுக்கு இரை அடியிலயே கிடக்கணும்.

பிடிச்ச மீனை ஈரச் சாக்குல போட்டுக் கரையோரத் தண்ணிக்குள்ள கட்டி விடுங்க, பகல் வரைக்கும் உயிரோட கிடக்கும்.

பாடுமீனுக்கு முள் இல்ல. காத்து அடங்கின நிலவு இரவுல மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வைக்கிறதுதான் அதுக்குத் தூண்டில்.

களியோடைக் காக்கா

வாவிக்கரைத் தம்பி, மற்றது எல்லாம் சரி. அந்தக் கடைசிச் சாக்கு விஷயம் மட்டும் வேணாம். களியோடை முதலை உள்ள ஆறு. கிழக்குல ஆத்து முதலையும் இருக்கு, உப்புத்தண்ணி முதலையும் இருக்கு. மீன் அடிச்சுக்கொண்டு கிடக்கிற சாக்கைக் காலடியில கட்டிறது, முதலையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி.

றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒண்டு கொண்டு போங்க. 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், உடைச்சு மேலயும் கீழயும் போடணும். உருகின தண்ணியை வடிய விடுங்க, அதுல ஊறினா மீன் தசை சளசளத்துப் போகும்.

மேட்டுக் கரையில, தண்ணியை விட்டு 3 மீற்றராவது தள்ளி நில்லுங்க. 10 அடிக் கம்பும் கையும் சேர்ந்தா முன் தண்ணியில இரை விழும், திலாப்பியா கரையோரம்தான் மேயிற. முள் கட்டையில மாட்டினா இறங்கிக் கழட்டப் போகாதீங்க, தங்கூசியை அறுங்க. முள் போனா வேற வாங்கலாம், கால் அப்படி இல்ல. கை கால் கழுவப் போத்தல்ல தண்ணி எடுத்துப் போங்க. மீன் குடலைக் கரையில வீசாதீங்க, அடுத்த நாள் அதே இடத்துல குளிக்க வாற ஆளுக்குத்தான் அது ஆபத்து. நல்லா வெளிச்சம் வந்து 6.30க்குப் பிறகு தொடங்குங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசமெண்டா 9, 10 மணியோட தண்ணி அலைபாயும், மிதப்பைப் பார்க்கேலாது, அதோட சுருட்டுங்க.

இரை: வாழையடி ஈர மண்ணுல மண்புழு ஒரு 40. ரின்ல அதே மண்ணைப் போட்டு, மூடியில ஓட்டை குத்தி, நிழல்ல வைங்க. வெயில்ல வச்சா ஒரு மணித்தியாலத்துல கஞ்சி. புழுவை முள் முழுக்க மறையக் கோர்த்து வால் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் விடுங்க. நீட்டி விட்டா வாலைத்தான் கடிக்கும், வெறும் முள்ளுக்கு மற்றப் பாதிக் காரணம் இது. பாணெண்டா நடுப்பகுதியைப் பிசைஞ்சு, ஒரு கரண்டி கோதுமை மா சேர்த்து, கையில ஒட்டாத பதம் வரைக்கும். இளகினா விழுந்திரும், ரெண்டு இழை பஞ்சு சேர்த்தா நிக்கும்.

தவிடும் ஆத்து மண்ணும் குழைச்சு, தேசிக்காய் அளவு உருண்டை 20 நிமிசத்துக்கு ஒண்டு போடுங்க. அள்ளி அள்ளிப் போட்டா மீன் வயிறு நிரம்பி உங்கட முள்ளைப் பார்க்காது.

புதுத்தூண்டில்

நன்றி காக்கா, சாக்கு கட். மிதப்பு எப்படி ஆடினா இழுக்கிற? முகத்துவாரம் (ஆறு கடல்ல சேர்ற இடத்தை மூடுற மணல்) வெட்டி விட்டா வேற மீன் வரும் எண்டும் சொல்றாங்க, உண்மையா?

வாவிக்கரை

காக்கா சொன்னது சரிதான், சாக்கை நானும் வாபஸ் வாங்கிறன்.

மிதப்பு துடிச்சாப் பொறுங்க, அது குஞ்சு கொறிக்கிறது. பக்கவாட்டா நகர்ந்தா, இல்லாட்டிச் சாய்ஞ்சு அமிழ்ந்தா, மணிக்கட்டால ஒரு சுண்டு. தோள் போட்டு இழுத்தா உதடு கிழிஞ்சு போயிரும். கெளிறு நேராக் கீழ கொண்டு போகும். இழுத்தெடுத்த திலாப்பியா வாய்க்குள்ளால குஞ்சுகளைத் துப்பினா, அது வாயில குஞ்சு காக்கிற தாய். திருப்பி விடுங்க. 1952ல வெளிய இருந்து கொண்டுவந்த மீன் நம்மட குளம் ஆறு எல்லாம் நிறைஞ்சதுக்கு அந்த வாய்தான் காரணம்.

முகத்துவாரம்: உண்மை. மாரியில வெள்ளத்துக்கு வெட்டின உடன சேத்துத் தண்ணி கடலுக்கு ஓடும், அந்த ரெண்டு மூணு நாள் மிதப்புத் தூண்டில் வீண். வெள்ளம் வடிஞ்சு உப்பு ஏறினாக் கொடுவாவும் மணலையும் உள்ள வரும். மணலை பாண் இரைக்கு வரும், முள் 10. கொடுவாவுக்குத்தான் உங்கட 0.40. முள்ளுக்கு மேல ஒரு முழம் 0.60 சேருங்க, ஏனெண்டா அதுட வாய் அரம் மாதிரி, மெல்லிசைத் தேய்ச்சு அறுக்கும். முள் 1/0 (இது பெரிய முள்), உயிர் இறாலை வால்ல கோர்க்கணும். ரீல் இல்லாமக் கம்புல பெரிய கொடுவா மாட்டினாக் கம்பையும் விடவேண்டி வரும், சொல்லிப்போட்டன்.

சமையல்கட்டு

ரெண்டு விஷயம் விட்டுப் போட்டீங்க.

கெளிறுட முதுகுல ஒரு முள், ரெண்டு பக்கச் செட்டையில ஒவ்வொண்டு. மூணும் குத்தினாக் கடுக்கும். துணியால தலைக்குப் பின்னால, செட்டை முள்ளுக்குப் பின் பக்கமாப் பிடிங்க. குத்தினாப் பொறுக்கக்கூடிய சுடுதண்ணியில அரை மணித்தியாலத்துக்கு மேல வைங்க, வலி இறங்கும். சுடுதண்ணிப் போத்தல் தேத்தண்ணிக்கு மட்டும் இல்ல. முள் உள்ளுக்கு முறிஞ்சு கிடந்தா, வீங்கினா, வைத்தியசாலைக்குப் போங்க. கொடுவாவைச் செவுளுக்குள்ள விரல் விட்டுத் தூக்காதீங்க, செவுள் மூடி பிளேட் மாதிரி.

சேத்து மணம்: திலாப்பியாட வயித்துக்குள்ள இருக்கிற கறுப்புத் தோலை உப்பால உரசி எடுங்க. பிறகு தேசிக்காய்ப் புளி பூசிப் பத்து நிமிசம் வச்சுக் கழுவினா மணம் குறையும். புளியாணத்துக்கு அது போதும். பொரிக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் எலும்பு வரைக்கும் கீறுங்க.

புதுத்தூண்டில்

கடைசி ஒண்டு. முள்ளை மீன் விழுங்கிட்டா?

களியோடைக் காக்கா

மூங்கில் குச்சி ஒரு சாண் நீளம், நுனியில கத்தியால ஒரு பிளவு. தங்கூசியை இறுக்கிப் பிடிச்சு, அதுவழியே குச்சியை இறக்கி, பிளவு முள் வளைவுல கொழுவினதும் உள்ளுக்குத் தள்ளித் திருப்புங்க. கழண்டு வரும். ரெண்டு குச்சி செய்ங்க, ஒண்டை எப்படியும் கூட்டாளி தொலைப்பார்.