பூமிக்கு அடியில் மின்னல் எப்படி வெடிக்கவைக்கும்?

நிலவன்: 2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 12 பேர் இறந்தார்கள். மின்னல்தான் காரணம் என்கிறது விசாரணை. நம்பும்படியாகவா இருக்கிறது?

மாறன்: தண்டவாளம், மின்கம்பி வழியாக இறங்கியிருக்கும். இதில் என்ன அதிசயம்?

கரிக்கை: மாறன், அவசரப்படாதீர்கள். சுரங்கத்தில் மின்பணி பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வெடித்தது வேலை நடந்த இடமல்ல. கைவிட்டு, சுவர் எழுப்பி மூடிய பகுதி. உள்ளே ஒரு பம்பின் கேபிளை அப்படியே விட்டுவிட்டார்கள். அது எந்த மின்சாரத்தோடும் இணைக்கப்படவில்லை. மின்னலின் மின்காந்த ஆற்றல் மண்ணை ஊடுருவி, அந்த நீளமான கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கேபிள் ஆன்டெனாவாகிவிட்டது! நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால், வெடிக்க ஒரு பொறி போதும். சுவரோ சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம் தாங்கக் கட்டியது. வந்ததோ 93-க்கும் மேல். மின்னலைத் திட்டிப் பயனில்லை. கேபிளை யார் விட்டுவைத்தது, சுவரை யார் போதுமென்றது என்று கேளுங்கள்.

நிலவன்: அப்படியானால் கேபிளை எடுத்திருந்தால் போதுமா?

கரிக்கை: மீத்தேன் அங்கேயேதான் இருக்கும்; பொறிக்கு வேறு வழியும் கிடைக்கலாம். அதனால் அமெரிக்க அரசின் 2008 சுரங்க விதி இரண்டையும் கேட்கிறது: மூடுமுன் கேபிளை அகற்ற வேண்டும், உள்காற்றைக் கண்காணித்து வெடிக்காத நிலையில் வைத்தால் சுவர் 50 பவுண்டு தாங்க வேண்டும், இல்லையேல் குறைந்தது 120.